எமிலுடன் சண்டை போட ஆளில்லை

எமில் வ்ராபெல் முப்பத்து நான்கு வருஷம் ரொட்டி வண்டி ஓட்டினான். காலையில் பேக்கரியில் வண்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், ஒஹாயோ ஆற்றின் இந்தக் கரையில் இருக்கிற பதினோரு ஊர்களிலும் மளிகைக் கடை, பள்ளிக்கூடச் சமையலறை என்று இறக்கிக்கொண்டே போய், மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்புவான். மற்ற டிரைவர்கள் பன்னிரண்டு மணிக்கே வந்துவிடுவார்கள். எமிலுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனதற்குக் காரணம் அவன் வாய்.

ஹார்லன் ஃபெரி கல்லூரி ஃபுட்பால் அணிக்குப் படகோட்டிகள் என்று பெயர். எங்கள் பக்கத்தில் ஃபுட்பால் என்றால் பந்தைக் கையால் எறிந்து, ஓடிப் பிடிக்கிற ஆட்டம். அந்த அணியைப் பற்றி ஒரு கடையில் ஒருவர் ஏதாவது சொன்னால் எமில் அதை மறுப்பான். அங்கே வாங்கிய பதிலை அடுத்த ஊர்க் கடையில் தன் கருத்தாகச் சொல்லி, அங்கேயும் ஒரு சண்டையைக் கிளப்பிவிட்டு வருவான். ரொட்டி கொஞ்சம் காய்ந்திருந்தாலும் யாரும் புகார் சொன்னதில்லை. எமில் வராத நாளில்தான் கடைக்காரர்கள் பேக்கரிக்குப் போன் செய்து, "ஆளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

அவன் ஒருநாளும் ஃபுட்பால் ஆடியதில்லை. இரண்டு பாதமும் தட்டை. கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, ஏழு வயதில் மைதானத்துக்குக் கூட்டிப்போய்த் தோளில் உட்கார்த்தி வைத்துக் காட்டிய ஆட்டம் அது. அன்றைக்குப் பிடித்தது விடவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எமிலின் பேச்சுக்கு ஒரே இடம், ஜோனியின் உணவகத்தில் ஜன்னலோரம் இருக்கிற வட்ட மேஜை. வாரத்தில் நான்கு நாள் காலை ஏழரைக்கு நாங்கள் கூடுவோம். நாங்கள் என்றால் நான்கு பேர். எமில் ஒருவன். கஸ் ட்ரகோஸ் இன்னொருவன். வீட்டு ஹீட்டர் பழுதுபார்க்கிறவன், ஆள் பீப்பாய் மாதிரி இருப்பான், எமில் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகப் பேசுவதற்கென்றே பிறந்தவன். மூன்றாவது லொரெட்டா, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவள், இருபது வருஷத்துக்கு முந்தைய ஆட்டத்தில் யார் எத்தனை பந்து பிடித்தான் என்பதை விரலை மடக்காமல் சொல்லுவாள். நான்காவது நான், எதிர்ப் பக்கத்தில் ஆணிக்கடை வைத்திருக்கிற மெர்ல். எனக்குப் பெரிய கருத்து எதுவும் கிடையாது. முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றுகொண்டு இவர்கள் அடித்துக்கொள்வதைக் கேட்கப் போவேன்.

சென்ற வருஷம் செப்டம்பர் கடைசியில் எமிலின் குரல் கம்மியது. ஆட்டத்தில் கத்தியதால்தான் என்று அவனும் நினைத்தான், நாங்களும் நினைத்தோம். அக்டோபர் முழுக்க அப்படியே இருந்தது. கஸ் அவனை விடவில்லை.

"எமில் பேசுறானா, இல்ல பின்னாடி குளத்துல வாத்து கத்துதா? ஜோனி, கொஞ்சம் ஜன்னலைத் திறந்து பாரு."

கஸ் வாத்து மாதிரியே கத்திக் காட்டுவான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், எமிலும் சிரித்தான்.

நவம்பரில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்வளையில் புற்றுநோய். முழுக்க எடுத்தாக வேண்டும் என்றார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால் எடுத்தார்கள். அதற்கப்புறம் எமில் மூச்சு விடுவது மூக்கு வழியாக அல்ல, கழுத்தின் அடியில் போட்ட ஒரு துளை வழியாக. ஒரு பத்துக் காசு அளவுதான் இருக்கும். அதன்மேல் ஒரு சின்னத் துணி மறைப்பு. வாயைத் திறந்தால் உதடு அசையும், நாக்கு அசையும், சத்தம் வராது.

பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. குளிர்காலம் முழுக்க அவன் வீட்டைவிட்டு வரவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தோம். லொரெட்டா நூடுல்ஸும் கோழியும் போட்டுச் சுட்ட பெரிய பாத்திரத்தோடு போனாள். கஸ் போனபோதெல்லாம் வீட்டு ஹீட்டரைக் கழற்றித் துடைத்தான். அதில் பழுது ஒன்றும் இல்லை. உட்கார்ந்து எமிலின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனான் என்பது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். டார்ச் லைட் மாதிரி இருக்கும். தாடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு வாயசைத்தால், இயந்திரம் பேசுவது போல ஒரே சுருதியில் சொற்கள் வரும். எமில் அதை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினான். சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும்தான் அவன் பேச்சு.

அவன் மனைவி வெர்னாவுக்கு ஃபுட்பால் அறவே பிடிக்காது. முப்பத்தாறு வருஷமாக அவன் பேச்சைக் காதில் வாங்காமலே குடும்பம் நடத்தினவள். அவள் அந்த வசந்த காலத்தில் புதிதாக ஒன்று செய்ய ஆரம்பித்தாள். காலைப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை அவனுக்கு உரக்கப் படிப்பாள், அதுவும் தப்புத் தப்பாக.

"இந்த டில்லிங்கம்ங்கிறவன்தானே அந்த நெட்டைப் பையன்?"

எமில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பலகையை எடுப்பான். "குட்டையன்!!" என்று இரண்டு ஆச்சரியக்குறி போட்டு எழுதுவான்.

"குட்டையா? அப்ப அவன் பந்தைப் பிடிக்கிறவனா?"

"எறிகிறவன்!!! குவார்ட்டர்பேக்!!!"

"அட, நான் அவனைக் கொடி பிடிக்கிறவன்னு நினைச்சேன்."

வேண்டுமென்றே செய்தாள் என்று பிற்பாடுதான் என்னிடம் சொன்னாள். "அவன் முகத்துல கோபம் வந்தாத்தான் மெர்ல், அவன் இங்க இருக்கான்னே எனக்குத் தெரியுது," என்றாள்.

ஜூலை கடைசியில் அவளே அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து உணவகத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். திரும்பிப் போக வண்டி இல்லாதபடி உடனே போய்விட்டாள்.

எமில் உள்ளே வந்ததும் மேஜையில் எல்லோரும் எழுந்து நின்றோம். அதுவே தப்பு. அவனுக்காக நாங்கள் எந்தக் காலத்திலும் எழுந்ததில்லை. ஜோனி வந்து, "என்ன கண்ணு, எப்பவும் சாப்பிடுறதுதானா?" என்று கேட்டாள். அவள் ஒருத்திதான் இயல்பாக இருந்தாள்.

அந்த வாரம் ஊரே ஒரு கேள்வியைத்தான் பேசிக்கொண்டிருந்தது. போன வருஷத்துக் குவார்ட்டர்பேக் படிப்பை முடித்துப் போய்விட்டான். இப்போது இரண்டு பேர். ஒருவன் ஆஸ்டர்ஹவுஸ், ஆறடி நான்கு அங்குலம், நின்ற இடத்திலிருந்து அறுபது கஜம் எறிவான். இன்னொருவன் டில்லிங்கம், வேறு கல்லூரியிலிருந்து வந்தவன், அவனைவிட அரையடி குள்ளம், நாற்பது கஜத்தைத் தாண்டினால் பந்து தொங்கிப்போகும். ஆனால் கையிலிருந்து பந்து எப்போது போனது என்றே தெரியாது, அத்தனை வேகம். ஓடிப் பிடிக்கிற ரிசீவர்களிலும் பழைய மூவரும் போய்விட்டார்கள். மிஞ்சியது கோல்ட்ரிக்கும் பீனியும். கோல்ட்ரிக் காற்று மாதிரி ஓடுவான், ஆனால் கையில் வெண்ணெய், பிடித்த பந்து நழுவிவிடும். பீனி மெதுவாகத்தான் ஓடுவான், ஆனால் திரும்பச் சொன்ன இடத்தில் ஓர் அங்குலம் பிசகாமல் திரும்புவான்.

கஸ் ஒரு மாதமாக ஆஸ்டர்ஹவுஸ் கட்சி. அதற்காக என்னிடமும் லொரெட்டாவிடமும் தொண்டை வறளக் கத்தியிருந்தான்.

எமில் பலகையை எடுத்து எழுதத் தொடங்கினான். நாங்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவன் பேனாவையே பார்த்தோம். கிறீச் கிறீச்சென்று அது ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எழுதி முடித்துத் திருப்பிக் காட்டினான்.

"டில்லிங்கம்தான் ஆடணும். பீனியை அவன்தான் பயன்படுத்துவான்."

நான் கஸ்ஸைப் பார்த்தேன். லொரெட்டாவும் பார்த்தாள். கஸ் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான்.

"நீ சொன்னா சரிதான் எமில்," என்றான். "நல்ல பாயின்ட்."

எமில் புருவத்தைத் தூக்கினான். துடைத்துவிட்டு மறுபடி எழுதினான். "ஆஸ்டர்ஹவுஸ் வெறும் கம்பம்."

"ஆமா, கொஞ்சம் கம்பம் மாதிரிதான்," என்றான் கஸ்.

லொரெட்டா, "நீ சொல்றதுல விஷயம் இருக்கு எமில்," என்றாள். நானும் தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ஆட்டினேன்.

எமில் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு நிதானமாக எழுதினான். "பந்தை உதைக்கிறவனைக் குவார்ட்டர்பேக்காப் போடலாம். ஒற்றைக் காலில் நின்று எறியட்டும்."

கஸ் அதைப் படித்தான். "அதுவும்… யோசிக்க வேண்டிய விஷயம்தான்."

எமில் எழுந்தான். பலகையில் இன்னொரு வரி எழுதி, அதை மேஜை நடுவில், கெட்ச்சப் புட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு, தட்டில் கை வைக்காமல் வெளியே போனான். வண்டி இல்லை. வீடு இரண்டு மைல். அந்தத் தட்டைப் பாதத்தோடு நடந்தே போனான்.

பலகையில் இருந்தது: "எடுத்தது தொண்டையை. மூளையை இல்லை."

"நான் என்ன பண்ணட்டும்?" என்றான் கஸ். அவன் கண் சிவந்திருந்தது. "நான் அவனை வாத்துன்னு சொன்னேன். ரெண்டு மாசம் சொன்னேன். உள்ள அந்தச் சனியன் வளர்ந்துகிட்டிருக்கு, நான் இங்க உட்கார்ந்து குவாக் குவாக்னு கத்திக்கிட்டிருந்தேன். இப்ப அந்தக் கழுத்தைப் பார்த்தா எனக்கு எதுத்துப் பேச வாயே வரல."

லொரெட்டா அவன் முதுகில் கை வைத்தாள். ஜோனி எமிலின் தட்டைப் பொட்டலம் கட்டி என்னிடம் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் போனேன். எமில் கொல்லைப்புறத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான். நான் வந்ததைப் பார்த்தான், நிமிரவில்லை. பலகையை உணவகத்திலேயே விட்டுவிட்டதால் (கஸ் அதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்), பழைய ரொட்டி ரசீதின் பின்பக்கத்தில் எழுதினான்.

"சாவு வீட்டில் பேசுகிற மாதிரி பேசுகிறீர்கள். நான் செத்தால் அப்போது பேசுங்கள்."

பக்கத்தில் உட்கார்ந்து குச்சிகளை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் இன்னொரு சீட்டு எழுதினான். வரும் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கழுத்துக்குள் ஒரு சின்ன வால்வு வைக்கப் போகிறார்களாம். துளையை விரலால் மூடிக்கொண்டால் மூச்சு அந்த வால்வு வழியாகத் தொண்டைக்குப் போகும், அதிலிருந்து ஒரு குரல் வரலாம். வரலாம் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணின் பெயர் மிஸ் ஹாலவே. முப்பது வயதுகூட இருக்காது. நடந்ததை வெர்னா எனக்கு அப்படியே சொன்னாள்.

"கட்டைவிரலை இப்படி வைங்க மிஸ்டர் வ்ராபெல். ரொம்ப அழுத்தாதீங்க. கதவு மணி அடிக்கிற மாதிரி. இப்ப மூச்சை விட்டுக்கிட்டே ‘ஆ’ சொல்லுங்க."

முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு கரகரப்பு. ஐந்தாவது தடவை ஒரு ஆழமான சத்தம் வந்தது, கனமான மரமேஜையைத் தரையில் இழுப்பது போல. எமில் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டான்.

"அதுதான் உங்க குரல்," என்றாள் மிஸ் ஹாலவே. "இனிமே இதுதான். பழசு வராது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இது உங்களோடது. யார் பேரையாவது சொல்லிப் பாருங்க."

அவன் மனைவி பக்கம் திரும்பிக் கட்டைவிரலை வைத்தான்.

"வெர்…னா."

ஏழரை மாதத்துக்குப் பிறகு அவன் கூப்பிட்டான். வெர்னா கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி வெகுநேரம் குனிந்திருந்தாளாம்.

"தினமும் பேசணும்," என்றாள் மிஸ் ஹாலவே. "ஒண்ணு ரெண்டு மூணு எண்ணினா மூணு நாள்ல சலிச்சுரும். உங்களுக்கு எதுல கோபம் வரும்?"

எமில் யோசிக்கவே இல்லை. கட்டைவிரல் தானாகப் போயிற்று. "ரேடி…யோ."

எங்கள் ஊர் வானொலியில் சாயந்திரம் நான்கு மணிக்கு விளையாட்டுப் பேச்சு உண்டு. நேயர்கள் போன் செய்து தங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுவார்கள். எமில் கார் கொட்டகையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ரேடியோவை உரக்க வைத்து, பேசுகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லத் தொடங்கினான். முதல் நாள் இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. இரண்டாம் வாரத்தில் ஒரு மூச்சில் ஒரு முழு வாக்கியம். இருமல் வந்து சளி அடைத்துக்கொண்டு, துணி மறைப்பைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். சில நாள் ஒன்றுமே வராது. அப்படிப்பட்ட நாளில் ரேடியோவை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பானாம்.

ஒருநாள் வெர்னா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து அந்த மரமேஜைக் குரல் தெளிவாகக் கேட்டது.

"அறுபது கஜம்… எறிஞ்சு… என்ன பண்றது, மடையா! அங்க… பிடிக்க யாரு நிக்கிறா? உங்க மாமாவா?"

"எனக்குத் துணியை வச்சுட்டு ஆடணும்போல இருந்தது," என்றாள் வெர்னா. "ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை புரியல. ஆனா திட்டுனது சுத்தமாப் புரிஞ்சுது."

இதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். கஸ்ஸிடம் சொல்லக்கூடாது என்று எமில் சொல்லியிருந்தான்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரி மைதானத்தில் பயிற்சி ஆட்டத்தை ஊர்மக்கள் பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிடுவார்கள். அணி இரண்டாகப் பிரிந்து தனக்குள்ளேயே ஆடும். நாங்கள் வழக்கம்போல நாற்பது கஜக் கோட்டுக்கு நேரே, ஏழாவது வரிசையில் உட்கார்ந்தோம். எமில் வந்தான். கழுத்தில் நீலக் கைக்குட்டையைத் தளர்வாகக் கட்டியிருந்தான். பலகை இல்லை. கஸ்ஸுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்து, கஸ் நீட்டிய வேர்க்கடலைப் பொட்டலத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டான்.

கஸ் அவனுக்குக் குளிர்கிறதா, வெயில் அடிக்கிறதா என்று மாற்றி மாற்றிக் கேட்டான். எமில் தலையை மட்டும் ஆட்டினான்.

கீழே ஆஸ்டர்ஹவுஸ் பந்தை வாங்கிப் பின்னால் நான்கு எட்டு வைத்து, உடம்பை வில்லாக வளைத்து எறிந்தான். பந்து போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். கோல்ட்ரிக் அதற்கு அடியில் பறந்தான். பந்து அவன் இரண்டு கையிலும் பட்டு, மார்பில் பட்டு, புல்லில் விழுந்தது. "அய்யோ!" என்று மைதானமே ஒரே குரலில் பெருமூச்சு விட்டது.

"பார்த்தியா அந்தக் கையை!" என்று கஸ் எழுந்து கத்தினான். அந்த ஒரு கணம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அவன் மறந்துவிட்டான். "அறுபத்தி ரெண்டு கஜம்! அப்படியே கையில கொண்டுபோய் வச்சான்! இதுக்கு மேல என்னய்யா வேணும்?"

"பிடிக்க… ஆளு வேணும்," என்றது ஒரு குரல்.

கஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கோல்ட்ரிக் பிடிப்பான்! இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, பழகிருவான்!"

"போன வருஷமும்… இதையேதான்… சொன்ன. அவன் கைக்கு… ரெண்டு வாரம் பத்தாது. ரெண்டு… ஜென்மம் வேணும்."

"வாயை மூடு எமில்!" என்று கஸ் சீறினான்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

எங்கள் வரிசை மட்டுமல்ல, முன் வரிசையும் அடங்கிப்போயிற்று. ஊரில் எல்லோருக்கும் எமில் கதை தெரியும். கஸ் மெதுவாகத் திரும்பினான். எமில் கைக்குட்டைக்கு அடியில் கட்டைவிரலை வைத்தபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது.

"எமில்… கடவுளே… நான் என்ன சொல்லிட்டேன்…"

எமில் விரலை எடுத்தான். அவன் தோள் குலுங்கியது. அவன் சிரிக்கிறான் என்று தெரிய எங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று, ஏனென்றால் சத்தம் இல்லை. கழுத்திலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று வந்து கைக்குட்டை படபடத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. லொரெட்டா முதலில் சிரித்தாள். அப்புறம் முன் வரிசைக்காரர்களும்.

"உனக்குக் குரல் வந்துருச்சு," என்றான் கஸ். "எப்படா வந்துச்சு? எனக்கு ஏன்டா யாரும் சொல்லல?"

"சொல்லியிருந்தா… கேக் வாங்கிட்டு… வந்திருப்ப. மறுபடி ‘நீ சொன்னா… சரிதான்’னு… உளறியிருப்ப."

"எமில், அந்த வாத்து விஷயம்… நான் உன்கிட்ட…"

எமில் கையை நீட்டித் தடுத்தான். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான்.

"நீ வாத்து மாதிரி… கத்துனதை… நான் வீட்டுல… வெர்னாகிட்ட சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல. அன்னைக்கேதான்… டாக்டருக்கு… போன் போட்டா. இன்னும் மூணு மாசம் விட்டிருந்தா… முடிஞ்சிருக்கும்னு… டாக்டர் சொன்னார்." கொஞ்சம் நிறுத்தினான். "அதனால… மன்னிப்பு கேட்டா… எழுந்து… வீட்டுக்குப் போயிருவேன். கீழ பாரு. டில்லிங்கம்… வர்றான்."

கஸ் உட்கார்ந்தான். வேர்க்கடலைத் தோலை உடைத்தான், ஆனால் தின்னவில்லை. கீழே டில்லிங்கம் பந்தை வாங்கி இரண்டு எட்டுதான் வைத்தான். பீனி இன்னும் திரும்பக்கூட இல்லை, பந்து கிளம்பிவிட்டது. பீனி திரும்பியபோது அது அவன் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. பன்னிரண்டு கஜம். யாரும் எழுந்து கைதட்டவில்லை. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும்.

"பார்த்தியா," என்றான் எமில். "ஆளு போய்ச் சேர்ற இடத்துக்கு… எறியிறான். ஆளு நிக்கிற இடத்துக்கு… இல்ல."

கஸ் மூக்கை உறிஞ்சினான். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"பன்னிரண்டு பன்னிரண்டு கஜமா எடுத்தா நாம எப்ப ஜெயிக்கிறது? கிறிஸ்துமஸுக்கா? அந்தக் குட்டையனை எதிராளி ஒருத்தன் இடுப்பால இடிச்சாப் போதும், ஆத்துல போய் விழுவான்!"

எமிலின் கட்டைவிரல் மேலே போயிற்று. முகம் மலர்ந்திருந்தது. "உனக்கு… ஆட்டமே தெரியாதுடா… ஹீட்டர்காரா."

அன்று பயிற்சி முடிந்து ஜனம் கலைந்த பிறகும் அவர்கள் இருவரும் ஏழாவது வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்று சொன்னதும்தான் எழுந்தார்கள். படி இறங்கும்போதும் நிற்கவில்லை. எமில் பேச மூச்சு வாங்கும்போது கஸ் காத்திருக்கக்கூட இல்லை, நடுவில் புகுந்து பேசினான். எமில் முழங்கையால் அவன் விலாவில் இடித்து அவனை நிறுத்திவிட்டு, பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்தான்.

அதற்குப் பிறகு மேஜை பழையபடி ஆயிற்று. பழையபடி என்றால் முழுக்க அப்படி இல்லை. எமிலுக்கு இரைச்சலில் பேச முடியாது, அதனால் ஜோனி பாட்டுப்பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டாள். மூக்கு வழியாக மூச்சு போகாததால் காப்பி வாசனை அவனுக்குத் தெரிவதில்லை. ஒரு கை எப்போதும் கழுத்துக்குப் போவதால் முட்டையை வெட்டிக்கொண்டே பேச முடியாது, ஆறிப்போனதைத் தின்பான். மாத நடுவில் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அடுத்தது நவம்பரில். அதைப் பற்றி அவன் ஒரே ஒரு முறை சொன்னான், அதுவும் வேறு பேச்சுக்கு நடுவில்.

முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பயிற்சியாளர் அறிவித்தார். ஆஸ்டர்ஹவுஸ்தான் ஆடப் போகிறான்.

கஸ் அன்று காலை பத்திரிகையைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். ஜோனிக்குப் படித்துக் காட்டினான், சமையல்காரனுக்குப் படித்துக் காட்டினான், பக்கத்து மேஜையில் பெட்ரோல் போட்டுவிட்டுக் காப்பி குடிக்க வந்த வெளியூர்க்காரருக்கும் படித்துக் காட்டினான். லொரெட்டா காதைப் பொத்திக்கொண்டாள். எமில் அவன் ஓயும் வரை காத்திருந்தான்.

"மூணாவது ஆட்டத்துக்குள்ள… மாத்துவாரு," என்றான். "எழுதி வச்சுக்கோ. இல்ல… என் பலகை… உன்கிட்டதானே இருக்கு? அதுல எழுது."

"நீ தோத்துட்டேன்னு ஒத்துக்கவே மாட்டியாடா?"

"எதுக்கு?" என்றான் எமில், உண்மையாகவே புரியாதவன் போல.

சனிக்கிழமை நல்ல வெயில். வெர்னாவும் வந்தாள், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக. மடியில் வைத்துப் பின்னுவதற்கு நூலும் கொண்டுவந்திருந்தாள். மைதானத்துக் கதவில் நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் பக்கத்து ஊரான மேரியெட்டாவிலிருந்து வந்த ஒருவர் நின்றார். சிவப்புத் தாடி, ஆஸ்டர்ஹவுஸின் எண் போட்ட சட்டை. எமில் அந்தச் சட்டையைப் பார்த்தான். கட்டைவிரல் போயிற்று.

"சார், தப்பான… நம்பர் போட்டிருக்கீங்க."

தாடிக்காரர் திரும்பினார். குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடி, கைக்குட்டையைப் பார்த்தார். ஒரு நொடிதான். குனிந்து காதைக் கிட்டே கொண்டுவந்தார். "என்ன சொன்னீங்க?"

எமில் திரும்பவும் சொன்னான். பீனியைப் பற்றிச் சொன்னான், கோல்ட்ரிக் கையைப் பற்றிச் சொன்னான், யார் எப்போது பந்தை விட வேண்டும் என்று காற்றில் விரலால் வரைந்து காட்டினான். தாடிக்காரர் முழுக்கக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, தலையை ஆட்டினார்.

"மன்னிக்கணும் பெரியவரே, நீங்க சொல்றது சுத்த அபத்தம். நான் ஹைஸ்கூல்ல ஏழு வருஷம் கோச்சா இருந்தவன். தூரம் எறியிற கை இல்லாம இந்த ஆட்டம் நடக்காது. ஏன்னு சொல்றேன், கேளுங்க."

எமில் ஓரடி முன்னால் வைத்தான். கஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். தன் கட்சியைப் பேச வந்த அந்த ஆளுக்காக அவன் பரிதாபப்பட்டான் என்று நினைக்கிறேன். கதவு திறந்தது, வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்தவர்கள், "போங்கய்யா, போங்க!" என்று கூவினார்கள். இரண்டு பேரும் நகரவில்லை. கடைசியில் வெர்னா நூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் எமிலின் சட்டையையும் மறு கையால் அந்தத் தாடிக்காரரின் சட்டையையும் பிடித்து, இருவரையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.